எடுத்த இடம்

நமது பங்கு இல்லத்து வரவேற்பறையில் கண்ணாடிக் கதவிட்ட மர அலமாரி ஒன்று உண்டு. விவிலிய வினாடி வினாவில் சிறுவர் வென்ற கோப்பைகள், பங்குப் பொன்விழாவின் நினைவுக் கேடயம், உரோமையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த செபமாலை ஆகியவற்றின் நடுவே, கறுத்துப்போன ஒரு கரண்டியும் முன்னர் இருந்தது. மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம், புத்தகப் பெட்டிகளுக்கு அடுத்தபடியாக நாம் கருத்துடன் துணியில் சுற்றி எடுத்துச் சென்ற பொருள் அதுதான். இன்று அதன் இடம் வெறுமையாக உள்ளது. அவ்வெறுமை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அன்பு வாசகர்களிடம் சொல்வது நமக்கு ஒருவகையில் பாவசங்கீர்த்தனமே.

பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்தில் நாம் இறையியல் மேற்படிப்புப் படித்த காலம் அது. ஐரோப்பாவில் கோடை வந்தால் பங்குத்தந்தையர் விடுப்பில் செல்வர். அவர்தம் இடத்தை நிரப்ப, நம்மைப் போன்ற அயல்நாட்டு மாணவக் குருக்கள் அனுப்பப்படுவதுண்டு. அவ்வாறே 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாநிலத்தில், ஈப்பர் நகருக்குக் கிழக்கேயுள்ள சிற்றூர் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றும் பொறுப்பு நமக்குக் கிட்டியது.

ஈப்பர் என்றதும் வரலாறு படித்தவர்க்கு முதல் உலகப் போர் நினைவுக்கு வரும். 1914 இலையுதிர் காலம் தொடங்கி 1918 வரை, போர்முனை இந்நகரைச் சுற்றியே கிடந்தது. இந்தியப் படையினரும் 1914 அக்டோபரிலேயே அங்கு இறக்கப்பட்டனர். விக்டோரியா சிலுவை விருதை வென்ற முதல் இந்திய வீரரான குதாதாத் கான் அதனைப் பெற்றது அம்மண்ணில் புரிந்த செயலுக்காகவே. 1915 ஏப்ரல் 22 அன்று செருமானியப் படை குளோரின் நச்சுக்காற்றைத் திறந்துவிட்டதும் இங்கேதான். 1917 சூலை 31 முதல் நவம்பர் 10 வரை நடந்த பாஷெண்டேல் போரில், காலாட்படை நகருமுன்னரே ஆங்கிலேயப் பீரங்கிகள் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. வடிகால்கள் சிதைந்தன, மழை விடாது பெய்தது, வயல்வெளி சேற்றுக் கடலாயிற்று. அச்சேற்றில் மனிதரும் குதிரைகளும் உயிரோடு அமிழ்ந்தனர்.

அந்தச் சேறுதான் இக்கதையின் வேர். மென்மையான சேற்றில் விழுந்த குண்டுகளில் பெரும் பங்கு வெடிக்கவில்லை. வெடிப்பூட்டும் கருவி பழுதானவையும் மிகப் பல. அவையனைத்தும் நிலத்துக்குள் உறங்கின. குளிர்காலத்தில் மண் உறைந்து விரியும்போது கற்கள் மேலெழுவது போல அவையும் மெல்ல மேலே வருகின்றன. உழவர் ஏர் பூட்டும்போதும், உருளைக்கிழங்கு தோண்டும் பொறியை ஓட்டும்போதும் அகப்படுகின்றன. இதனை அவ்வூர் மக்கள் 'இரும்பு அறுவடை' என்கின்றனர். உழவர் அவற்றைப் பதற்றமின்றி எடுத்துச் சாலையோர மின்கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லி அனுப்புவர். பூல்கப்பெல் என்னுமிடத்தில் உள்ள பெல்ஜிய ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் வண்டியில் வந்து பொறுக்கிச் செல்வர். ஆண்டுதோறும் அவர்கள் சேர்ப்பது நூறு டன்னைத் தாண்டுவது வழக்கம். அவற்றுள் நச்சுக்காற்றுக் குண்டுகளைத் தனியே பிரித்துச் செயலிழக்கச் செய்கின்றனர். 2014 மார்ச்சில் ஈப்பர் நகரில் கட்டுமானப் பணியாளர் இருவர் இப்படிப்பட்ட குண்டொன்று வெடித்து மாண்டனர். போர் மூண்டு நூறாவது ஆண்டில், அந்தப் போர் எடுத்த பலி அது.

நாம் தங்கியிருந்த ஊரின் ஆலயத்தில், மாதா பீடத்தின் இருபுறமும் இரண்டு பித்தளைப் பூச்சாடிகள் பளபளத்தன. கூர்ந்து நோக்கியபோதுதான் அவை பீரங்கிக் குண்டின் கூடுகள் எனத் தெரிந்தது. போர் வீரர்களும், போருக்குப்பின் நிலத்தைத் துப்புரவு செய்யத் தங்கவைக்கப்பட்ட சீனத் தொழிலாளரும், ஊர் திரும்பிய அகதிகளும் இவ்வகைக் கூடுகளில் இலைகளும் மலர்களும் செதுக்கி விற்றனராம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மை உணவுக்கு அழைத்துச் சென்ற முதிய உழவரின் வீட்டில் இன்னொன்று கண்டோம். துப்பாக்கித் தோட்டாக்களை ஒன்றோடொன்று பற்றவைத்துச் செய்த சிலுவை; அதன்மீது பாடுபட்ட ஆண்டவரின் சிறு உருவம். உயிரைப் பறிக்க வார்க்கப்பட்ட உலோகம், உயிரைக் கொடுத்தவரைத் தாங்கி நிற்கும் காட்சி அது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் என்ற எசாயாவின் கனவு அரைகுறையாகவேனும் பலித்த இடம் அந்தச் சுவர் எனத் தோன்றிற்று.

உணவுக்குப்பின் அம்முதியவர் தம் தானியக் கொட்டிலைத் திறந்து காட்டினார். உள்ளே வைக்கோல் இல்லை. ஒரு படையே இருந்தது. துருவேறித் துளைபட்ட இரும்புத் தலைக்கவசங்கள், பதுங்கு குழி தோண்டிய மண்வெட்டிகள், முள்வேலி கட்டுவதற்கான திருகுமுனைக் கம்பங்கள், எஸ்.ஆர்.டி. என்னும் எழுத்துகள் பொறித்த ரம் சாடிகள், தண்ணீர்க் குப்பிகள், சவரக்கத்திகள், தோல் நைந்து ஆணி மட்டும் எஞ்சிய காலணிகள். வெடிக்கக்கூடியவை எதுவும் அங்கில்லை. அவையெல்லாம் ராணுவ வண்டியில் போய்விடும். அவருடைய பாட்டனார் போர் முடிந்து ஊர் திரும்பியபோது வீடு நின்ற இடமே தெரியவில்லையாம். குடிசை போட்டுக்கொண்டு, பழைய இரும்பும் பித்தளையும் பொறுக்கி எடைக்குப் போட்டே அக்குடும்பம் பிழைத்தது. பாட்டனார் விற்றார், தந்தையார் சிலவற்றை ஒதுக்கி வைத்தார், இவரோ எதையும் விற்பதில்லை.

எல்லாவற்றினும் நம் நினைவில் நின்றது ஒரு பள்ளிக் குறிப்பேடு. கொட்டிலின் ஒவ்வொரு பொருளிலும் ஓர் எண் கட்டித் தொங்கியது. அவ்வெண்ணுக்கு நேரே, கிடைத்த நாள், பொருள், வயலின் பெயர், எந்த வரப்பிலிருந்து எத்தனை அடி என்ற கணக்கு, உடன் கிடைத்தவை எவை என்பனவெல்லாம் நுணுக்கமான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. இத்தனை பாடு எதற்கு என்று வினவினோம். இரும்பைவிட இடம் முக்கியம், 'மெனேர் பாஸ்டோர்' என்றார். பங்குக் குருவை அவ்வூரார் அப்படித்தான் விளிப்பர். அதன் பொருளை அன்று நாம் அறியவில்லை; அறிந்தவர்போலத் தலையசைத்தோம்.

அந்நாட்டில் இவ்வாறு சேர்ப்போர் பலர். அவர்களை ஒரே தராசில் நிறுக்க இயலாது. ஈப்பர் பகுதியின் தனியார் அருங்காட்சியகங்கள் சில, உழவரும் ஊராரும் சேர்த்தவற்றிலிருந்தே வளர்ந்தவை. ஹோகே என்னுமிடத்தில், போரில் மாண்டோர் நினைவாக எழுப்பப்பட்ட சிற்றாலயமே இன்று அத்தகைய அருங்காட்சியகமாக உள்ளது. பூசிங்க பகுதியில் தொழிற்பேட்டை அமைக்க நிலம் கையகப்படுத்தப்பட்டபோது, 'தோண்டுவோர்' என்று தம்மை அழைத்துக்கொண்ட தன்னார்வலர் குழு 1990களில் அங்கே அகழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட வீரரின் எலும்புகளை மண்ணிலிருந்து மீட்டது. மறுபுறம், இரவில் உலோகம் கண்டறியும் கருவியோடு வரப்பேறி, பொத்தானையும் வில்லையையும் பிடுங்கிக்கொண்டு எலும்பைக் குழியிலேயே தள்ளி மூடுவோரும் உண்டு. அனுமதியின்றி அவ்வாறு தேடுவது அங்கே சட்டப்படி குற்றம். ஆயினும் சந்தையில் தலைக்கவசத்துக்கு விலை இருக்கும்வரை இரவுகளும் இருக்கும். அத்தகையோரைப் பற்றி அம்முதியவர் வெறுப்புடன் பேசியபோது, நாமும் அவரோடு சேர்ந்து வெறுத்தோம்.

அடுத்த ஞாயிறு நாம் லூவேன் திரும்ப வேண்டிய நாள். முந்தின மாலை மழை ஓய்ந்ததும், அவருடைய வயலோரம் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தோம். கோதுமை அறுத்த தாள்களை மடித்து உழுதிருந்த மேட்டு நிலம். மழை மண்ணைக் கழுவியிருந்தது. சாலின் ஓரத்தில் ஏதோ மின்னிற்று. குனிந்து இழுத்தோம், கரண்டி. கைவிரலால் சேற்றைத் துடைத்தபோது, காம்பின் பின்புறம் ஆங்கிலேய அரசின் உடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும், அதன்கீழ் முனைக்கத்தியால் கீறிய நான்கு இலக்கங்களும் தெரிந்தன. முதல் மூன்றும் தெளிவு. நான்காவது 3 என்றும் கொள்ளலாம், 8 என்றும் கொள்ளலாம்.

அதை முதியவரிடம் காட்டியிருக்க வேண்டும். குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லியிருக்க வேண்டும். அவர் வீடு கூப்பிடு தூரம். ஆயின், காட்டினால் அது கொட்டிலுக்குப் போய்விடும் என்ற எண்ணம் முந்திக்கொண்டது. ஊருக்குக் கொண்டுபோக இதைவிட அரிய நினைவுப் பொருள் உண்டோ என்று மனம் வாதாடிற்று. மேலங்கியின் பையில் போட்டுக்கொண்டோம். மறுநாள் திருப்பலியில், 'என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொண்டபோது, அந்தக் கரண்டி பயணப்பெட்டியின் அடியில் கிடந்தது. நம் மனச்சான்று அன்று உறங்கிற்று.

இனிக் கரண்டியின் இந்திய வாழ்வு. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அது நமக்கு உழைத்தது. மறைக்கல்வி முகாம்களில் அதனை உயர்த்திக் காட்டி அமைதியைப் பற்றிப் பேசினோம். விருந்தினர் வந்தால் அலமாரியைத் திறந்து, பாஷெண்டேல் கதையைச் சொன்னோம். கதை ஒவ்வொரு முறையும் சற்று மெருகேறிற்று. அக்கரண்டியால் உண்டவன் ஒருவன் இருந்தான் என்பது நம் கதையில் இருந்தது. ஆனால் அவன் எங்கே என்ற கேள்வி அதில் இல்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. அப்போது நாம் கடற்கரைப் பங்கு ஒன்றில் இருந்தோம். ஆழ்கடலுக்குச் சென்றவருள் பலர் திரும்பவில்லை. பலநாள் கழித்துக் கரையொதுங்கிய உடல்களை மரபணுச் சோதனையால்தான் அடையாளம் காண முடிந்தது. உடலே கிடைக்காத குடும்பங்களும் உண்டு. அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த தாய், 2018 தவக்காலத்தில் ஒருநாள், மகனின் திருமுழுக்குச் சான்று வாங்க வந்தார். அரசு அலுவலகத்துக்கு இன்னொரு தாள் வேண்டுமாம். நாம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, அவர் கண் அலமாரியில் நின்றது. அது யாருடைய கரண்டி என்று கேட்டார். நாம் வழக்கமான கதையைச் சொன்னோம். அவர் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக,

"இத எடுத்த எடத்துல அந்தப் பிள்ளயத் தேடிப் பாத்தியளா, சாமி?" என்றார்.

நம்மிடம் மறுமொழி இல்லை. அவர் அதனைக் குற்றமாகக் கேட்கவில்லை. தம் மகன் அரைஞாணில் ஓர் அந்தோனியார் பதக்கம் கட்டியிருந்ததாகவும், கரையொதுங்கிய ஒவ்வோர் உடலைப் பற்றிய செய்தி வந்தபோதும் அந்தப் பதக்கம் இருக்கிறதா என்றே கேட்டதாகவும் சொன்னார். பதக்கத்தை யாரேனும் அவிழ்த்து எடுத்துக்கொண்டால், அப்புறம் அவனை எப்படி அறிவது என்றார். சான்றிதழை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. பின்வந்த வாரங்களில், பல ஆண்டுகளுக்கு முன்பே படித்திருக்க வேண்டியவற்றைத் தேடிப் படித்தோம். ஆங்கிலேய வீரர் கழுத்தில் 1916 வரை ஒரே ஒரு அடையாள வில்லைதான் இருந்தது. வீரன் மாண்டால், தோழர்கள் அதனைக் கழற்றிச் சென்று கணக்குக் கொடுப்பர். உடலோ பெயரின்றிக் கிடக்கும். அவ்வாண்டின் பிற்பகுதியில் இரண்டு வில்லைகள் வழங்கும் முறை வந்தது; ஒன்று உடலோடு இருக்க வேண்டும். ஆனால் அவை அழுத்திச் செய்த நார் அட்டையாலானவை. ஈர மண்ணில் மக்கிப் போயின. ஆகவே நூறாண்டு கழித்து எலும்புகளைக் கண்டெடுப்போர்க்குக் கைகொடுப்பவை, தோள்பட்டைப் படைப்பிரிவுச் சின்னம், பொத்தான், பெயரெழுத்துக் கீறிய கடிகாரம் போன்ற சில்லறைகளே. அவற்றுள் கரண்டியும் ஒன்று. வீரர்கள் அதனைக் கணைக்காலில் சுற்றிய துணிப்பட்டையில் செருகி வைத்திருப்பர். பறிபோகாமலிருக்கத் தம் எண்ணைக் கீறி வைப்பர். ஒரு கரண்டி ஒருவனுக்குப் பெயரைத் திருப்பித் தரக்கூடும்.

ஆனால் எண் மட்டும் போதாது. அப்போரில் ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒவ்வொன்றும் தன் வீரருக்குத் தனித்தனியே எண் வழங்கியது. படை முழுமைக்கும் பொதுவான எண் வரிசை 1920இல்தான் வந்தது. ஒரே நான்கிலக்க எண்ணைப் பலர் தாங்கியிருப்பர். அவர்களுள் நம்மவன் யார் என்று அறிய, கரண்டி கிடந்த இடத்தை அறிய வேண்டும். இந்த மேட்டில், இந்த நாளில், இந்தப் படைப்பிரிவு நின்றது என்று கணக்கெடுத்து, அதன்பின் அருகே எலும்புகள் உண்டா என்று பார்க்க வேண்டும். இரும்பைவிட இடம் முக்கியம் என்று அம்முதியவர் சொன்னதன் பொருள் இதுவே.

ஈப்பருக்கு அருகிலுள்ள டைன் காட் கல்லறைத் தோட்டத்துக்கு அந்த ஆகஸ்டில் நாம் சென்றிருந்தோம். பன்னிரண்டாயிரத்தை நெருங்கும் கல்லறைகள். அவற்றுள் 8,300க்கும் மேற்பட்டவை பெயரற்றவை. அவற்றின் கற்களில், இறைவன் மட்டும் அறிவார் எனப் பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சொற்களைத் தேர்ந்தவர் மும்பையில் பிறந்த எழுத்தாளர் கிப்ளிங். 1915இல் லூஸ் போரில் காணாமற்போன தம் ஒரே மகனைத் தேடி அலைந்து, காணாமலே கண்மூடிய தந்தை அவர். தோட்டத்தின் பின்சுவரில், 1917 ஆகஸ்டு 16 அன்று மாண்டு உடல் கிடைக்காத அயர்லாந்து இயேசு சபைக் குரு வில்லி டாயிலின் பெயரும் உண்டு. அப்பெயர்முன் நின்று நாம் செபித்தோம். அதே மாதக் கடைசியில்தான் கரண்டியைப் பையில் போட்டோம்.

விவிலியத்தில் போர்க்களத்திலிருந்து பொருள் எடுத்தோர் இரு வகையாகத் தோன்றுகின்றனர். எரிகோவின் கொள்ளையில் ஓர் அழகிய மேலாடையையும் வெள்ளியையும் பொன்னையும் கண்டு இச்சித்து, கூடாரத்துள் மண்ணில் மறைத்தான் ஆக்கான். யூதா மக்கபேயோ, களத்தில் வீழ்ந்த தம் வீரரை அடக்கம் செய்யச் சென்று, அவர்தம் ஆடைக்குள் தடைசெய்யப்பட்ட சிலைச் சின்னங்களைக் கண்டார். அவற்றை வைத்துக்கொள்ளவுமில்லை, அவ்வீரரை வெறுத்து ஒதுக்கவுமில்லை. இரண்டாயிரம் திராக்மா வெள்ளி திரட்டி, இறந்தோர்க்காகப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பினார். இறந்தோர்க்காக நாம் வேண்டும் மரபுக்குத் திருச்சபை காட்டும் சான்று அப்பகுதியே. குருமடத்தில் அதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஒருவன் கண்ட பொருளைத் தனக்கென மறைத்தான்; மற்றவர் கண்ட பொருள் வழியே இறந்தவரை நோக்கினார். பழைய போர்க்களத்தில் பொருள் சேர்ப்போர் எவரும் இவ்விருவருள் ஒருவரின் வழியில்தான் நடக்கின்றனர். நாம் நடந்த வழி எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

முதியவரின் முகவரிக்கு எழுதினோம். நடந்ததை மறைக்காமல் எழுதி, நினைவிலிருந்து வயலின் படம் ஒன்றும் வரைந்து அனுப்பினோம். அவருடைய மகனிடமிருந்து மறுமொழி வந்தது. தந்தையார் காலமாகிவிட்டார். கரண்டியை அனுப்பினால் உரியவரிடம் காட்டி, குறிப்பேட்டிலும் ஏற்றுவதாகச் சொன்னார். ஆனால் நம் படத்தை வைத்து இடத்தைக் குறிக்க இயலவில்லை. அந்த மேட்டில் மூன்று வயல்கள், ஒவ்வோர் ஆண்டும் உழப்படுபவை என்று எழுதியிருந்தார். கடிந்து ஒரு சொல்லும் இல்லை. கரண்டியை அனுப்பினோம். சில மாதங்களுக்குப்பின் குறிப்பேட்டுப் பக்கத்தின் படி ஒன்று வந்தது. பொருள்: கரண்டி. எண் எழுதியிருந்தது. எடுத்தவர்: பாஸ்டோர். எடுத்த இடம் என்னும் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறியை இட்டவர்கள் நாமே. இறைவனிடம் மன்னிப்புப் பெறலாம்; பெற்றோம். ஆனால் உழுது புரண்ட மண்ணில் அந்த இடத்தை மன்னிப்பு திருப்பித் தராது.

ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, திருப்பலிக்கு முன் இறந்தோரின் பெயர்களை வாசிப்பது நம் வழக்கம். 2018இல் அத்தாய் தம் மகனின் பெயரை எழுதித் தந்தார். மந்திரிக்க அவருக்குக் கல்லறை இல்லை. மாலையில் கடலோரம் சென்று, அலையில் தீர்த்தம் தெளித்தோம். அன்றுமுதல் அப்பட்டியலின் கடைசியில் ஓர் எண்ணையும் வாசிக்கிறோம். முதன்முறை மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்; இப்போது பழகிவிட்டனர். நான்காம் இலக்கம் 3 ஆக இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். ஆகவே இரண்டையும் வாசிக்கிறோம்.